கொள்ளுப்பிட்டி மாடியில் எட்டு வைன்

நம் வெக்கைக்கும் நம் கறியின் உறைப்புக்கும் ஒத்துப்போகிற வைன் எது என்று யாராவது கேட்டால் இனி யோசிக்காமல் சொல்வேன்: ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் இருந்து வருகிற ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். அதற்கு அடுத்தது, கொஞ்சம் குளிர வைத்த போஜொலே என்ற பிரெஞ்சுச் சிவப்பு வைன். பெரிய பெயரோடும் பெரிய விலையோடும் வருகிற கனத்த சிவப்பு வைன்கள் எல்லாம் அப்புறம்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு வைன் கடையின் மேல்மாடியில் நடந்த ருசிபார்க்கும் மாலைக்கு நானும் மனைவியும் போய் வந்தோம். அங்கே குடித்ததை வைத்தும், பிறகு சில போத்தல்களை வீட்டுக்கு வாங்கி வந்து சோறு கறியோடு குடித்துப் பார்த்ததை வைத்தும்தான் இதைச் சொல்கிறேன்.

நான் தேயிலை ருசி பார்ப்பவன். கொழும்பில் ஒரு தரகர் கம்பெனியில் வேலை. ஏலத்துக்கு வருகிற தேயிலையை வரிசையாக ஊற்றி வைத்து, கரண்டியால் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வதுதான் என் காலை நேரம். கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கிய நாளிலிருந்து யாரோ ஒருவர் இப்படி உறிஞ்சித் துப்பிக்கொண்டுதான் இருக்கிறார். வைனைப் பற்றி நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, புளிப்பு எப்போது எழும்பி எப்போது அடங்குகிறது, விழுங்கிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது என்று கவனிப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. தேயிலையில் துவர்ப்பைத் தருகிற பொலிபீனோல்களின் உறவுக்காரர்கள்தான் சிவப்பு வைனிலும் இருக்கின்றன. அதனால் நாக்குக்கு இடம் புதிதாக இருந்ததே தவிர வேலை புதிதாக இல்லை.

முதலில் கடையைப் பற்றிய நல்லதைச் சொல்ல வேண்டும். போத்தல்கள் எல்லாவற்றையும் பிரவுண் பேப்பரில் சுற்றி, மேலே இலக்கம் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். நாட்டின் பெயரோ விலையோ தெரியாது. தேயிலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்; தோட்டத்தின் பெயர் கண்ணில் பட்டுவிட்டால் நாக்கு பாதி வேலையை விட்டுவிடும். கிளாஸ்களும் சரியானவை. ருசி பார்க்கிற தேயிலையை எப்படி ஊற்ற வேண்டும் என்று 1980இல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது: ஐஎஸ்ஓ 3103. 100 மில்லிலீற்றர் கொதித்த தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். வைனுக்கு அதற்கு முன்பே, 1977இல், கிளாசுக்குத் தரம் வகுத்துவிட்டார்கள்: ஐஎஸ்ஓ 3591. அடி அகன்று வாய் ஒடுங்கிய, 215 மில்லிலீற்றர் கொள்கிற சின்னக் கிளாஸ். அதையேதான் ஆளுக்கு நான்கு வைத்திருந்தார்கள். பெரிய ஹோட்டல்களில் வைன் இரவு என்று காசு வாங்கிக்கொண்டு, தண்ணீர் கிளாசில் ஊற்றித் தருவதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அப்படியில்லை.

நடத்தியவர் கொட்டாஞ்சேனைத் தம்பி. பயணிகள் கப்பலில் பல வருடம் வைன் பரிமாறிவிட்டு ஊர் திரும்பியவர். தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற அவதி அவரிடம் இல்லை. ஊற்றுவார், நாங்கள் மணந்து, குடித்து, குறித்து முடியும் வரை பேசமாட்டார். பிறகுதான் பேப்பரைக் கிழிப்பார். தலைக்கு 12,000 ரூபாய் வாங்கினார்கள். இறக்குமதி வைனுக்கு இங்கே விழுகிற வரிகளை நினைத்தால், எட்டு வைனுக்கு அது நியாயமான விலைதான்.

குறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வைன்களைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம். மேசையின் நடுவில் மல்லிகை மணக்கிற மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. ருசி பார்க்கிற அறையில் அது கூடவே கூடாது. எங்கள் ருசி அறைக்கு யாராவது சென்ட் பூசிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். சொன்னவுடன் தம்பி அணைத்துவிட்டார், ஆனால் மணம் போக முதல் வைன் முடிந்துவிட்டது. இரண்டாவது, சிவப்பு வைன்களைக் குளிர வைக்காமல் கொண்டு வந்தது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது, கடிக்கத் தந்தது சீஸும் கிரக்கரும் மட்டும். கொழும்பில் வைன் வாங்குகிறவர்கள் அதை வீட்டில் சீஸோடா குடிக்கப் போகிறார்கள்? ஒரு மீன் கட்லட், ஒரு கிண்ணம் உறைப்புக் கடலை வைத்திருந்தால் அந்த மாலை இரண்டு மடங்கு பயன்பட்டிருக்கும்.

சரி, வைனுக்கு வருவோம்.

முதல் இலக்கத்தை மூக்குக்கிட்டக் கொண்டுபோனவுடனேயே என் மனைவி, "இது கொடித்தோடை. கொஞ்சம் கறிமிளகாய் வெட்டின மாதிரியும் கிடக்கு" என்றாள். மெழுகுதிரி மணத்தையும் தாண்டி. பேப்பரைக் கிழித்தால் நியூசிலாந்தின் மார்ல்பரோ, சொவின்யோன் ப்ளாங்க். அவள் சொன்ன இரண்டுமே புத்தகத்தில் உள்ளவைதான். கறிமிளகாய் மணம் பைரசீன் வகைச் சேர்மங்களால் வருகிறது, கொடித்தோடை மணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்களால். மார்ல்பரோவில் இந்தத் திராட்சையை வணிக அளவில் நட ஆரம்பித்தது 1970களில்தான். அதற்குள் உலகம் முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. எனக்கு இது பிடிக்கும், ஆனால் முதல் அரைக் கிளாசுக்கு மட்டும். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிற வைன் இது.

இரண்டாவது, நாசிக்கில் இருந்து வந்த ஷெனின் ப்ளாங்க். இந்திய வைன் என்றதும் மேசையில் இருந்த சிலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்புக்கு நியாயமே இல்லை. பேப்பருக்குள் இருந்தபோது அதே ஆட்கள் அதைப் பாராட்டினார்கள். நாசிக்கில் சூலா என்ற வைன் நிறுவனம் 1999இல் தொடங்கியது. அந்த வட்டாரம் வைனுக்குப் பேர் எடுக்க அதுவே பெரிய காரணம். வெப்ப நாட்டில் கொடி குளிர்காலத் தூக்கம் தூங்காது. அதனால் அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கொடியை வெட்டிக் கவ்வாத்து செய்து, ஒரே ஒரு அறுவடையை மட்டும் எடுக்கிறார்கள், அதுவும் மழை இல்லாத ஜனவரி முதல் மார்ச் வரை. கவ்வாத்துக் கத்தியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைக் கேட்டதும் அந்த வைன்மேல் தனி மரியாதை வந்தது. மெல்லிய இனிப்பு, பழுத்த கொய்யாவின் வெள்ளைச் சதை, சுத்தமான முடிவு. ஆழம் அதிகம் இல்லை. ஞாயிறு மத்தியானம் இறால் வடையோடு குடிக்க இதைவிட நல்லது வேண்டியதில்லை, விலையும் குறைவு.

சின்ன வயதில் என் மனைவிக்கு வைன் என்றால் யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தில் செய்கிற போத்தல்தான். அங்கே முந்திரிகை என்று சொல்கிற திராட்சையின் பந்தல்களின் கீழே விளையாடியவள் அவள். நாசிக் வைனைக் குடித்துவிட்டு, "எங்கட முந்திரிகையிலும் இப்பிடிச் செய்யலாம்தானே" என்று தம்பியைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செய்யலாம் அக்கா, ஆனா சாப்பிடுற பழம் வேற, வைனுக்கு வளர்க்கிற பழம் வேற. வைன் பழம் சின்னது, தோல் தடிப்பு, விதை கூட" என்றார். நேர்மையான பதில்.

மூன்றாவது ஷப்லி. பிரான்சின் வட பக்கத்தில், ஷார்தனே திராட்சையில் செய்வது. ஓக் பீப்பாய் மணம் இல்லாத, ஒல்லியான, நேர்கோடு மாதிரி ஒரு புளிப்பு. அந்த நிலத்துச் சுண்ணாம்புக் கல்லில் பழங்காலச் சிப்பிகளின் எச்சங்கள் இருப்பது உண்மை. அதனால்தான் வைனில் கடல் வாசம் வருகிறது என்று மேசையில் ஒருவர் விளக்கினார். நான் அதை ஏற்கவில்லை. கல்லின் ருசி வேர் வழியாக ஏறி அப்படியே கிளாசுக்கு வராது. மண் செய்வது வேறு வேலை: தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது, எவ்வளவு விடுகிறது, வேரை எவ்வளவு ஆழம் போக வைக்கிறது என்பதெல்லாம். மிச்சம் குளிர் செய்கிறது. குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கரைந்து போகாமல் நிற்கும். நுவரெலியாத் தேயிலை ஏன் அவ்வளவு மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருக்கிறது என்று கேட்டாலும் நான் முதலில் குளிரைத்தான் காட்டுவேன். வைன் நன்றாக இருந்தது. ஆனால் கொழும்பு விலையில், சமையலறையில் தேங்காய்ப்பால் மணக்கிற வீட்டில், அதற்கு வேலை குறைவு.

நான்காவதில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிளாசில் நிறமே இல்லை என்று சொல்லலாம், ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைச் சாயல். மூக்கில் முதலில் தேசிக்காய்த் தோல், பிறகு பச்சை ஆப்பிள், அதற்கும் அடியில் ஈரக் கல். வாயில் வைத்ததும் இனிப்பு தெரிந்தது. அடுத்த கணமே புளிப்பு கீழிருந்து எழும்பி அந்த இனிப்பைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டும் சண்டை போடவில்லை. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்கிற மாதிரி நின்றன. துப்பிய பிறகும் நாக்கின் இரண்டு ஓரமும் ஊறிக்கொண்டே இருந்தன. கச்சான் காற்று அடிக்கிற ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிற நல்ல ஊவாத் தேயிலையைக் குடித்தால் வாய் இப்படித்தான் விழித்துக்கொள்ளும். நான் பிறந்தது அப்புத்தளைப் பக்கம், அதனால் அந்த விழிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

பேப்பர் கிழிந்தது: ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு, ரீஸ்லிங், கபினெட். அற்ககோல் 8.5 வீதம்தான். ஜெர்மன் லேபல்களில் கபினெட், ஸ்பேட்லேசே, ஔஸ்லேசே என்று வருகிற சொற்கள் பழம் எவ்வளவு பழுத்து அறுக்கப்பட்டது என்பதைச் சொல்பவை. கபினெட்தான் அந்த வரிசையில் மிக இலேசானது. மோசலில் கொடிகள் நிற்பது சிலேட்டுக் கல் சரிவுகளில். அங்கே பிரெம் என்ற ஊரில் உள்ள கால்மொன்ட் தோட்டத்தில் சில இடங்களில் சரிவு 65 பாகை வரை போகிறதாம். யந்திரம் ஏறாது, கையால்தான் எல்லா வேலையும். மலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்குகிறவர்களின் உழைப்பு எவ்வளவு என்று எங்கள் குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய கொப்புளம் மாதிரிக் கிளாசில் ஊற்றி மேட்டுக்குடிப் பானம் என்று விற்கிற ஒன்றுக்குப் பின்னால் இப்படிப்பட்ட முழங்கால்களும் முதுகுகளும் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்த இரண்டாவது மிடறைத் துப்பாமல் விழுங்கினேன்.

மேசையில் பாதிப்பேர் ரீஸ்லிங்கைத் தள்ளிவிட்டார்கள். "இனிப்பு வைன் பொம்பளையளுக்கு" என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. இனிப்பு இருந்தால் மட்டம் என்ற எண்ணம் நம் ஊரில் எப்படியோ வேரூன்றிவிட்டது. இனிப்பைத் தாங்குகிற புளிப்பு இல்லாவிட்டால்தான் அது மட்டம். இது தாங்கியது.

இனிச் சிவப்பு. இங்கேதான் வெப்பநிலைப் பிரச்சினை. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த விதி பிறந்த ஐரோப்பிய வீடுகளின் அறை 16, 18 பாகை. கொழும்பில் அறை என்றால் 30. ஏசி போட்ட மாடியிலேயே 25க்குக் குறையாது. அந்தச் சூட்டில் அற்ககோல் முதலில் மூக்கில் ஏறும், பழ மணம் அவிந்து ஜாம் மாதிரியாகும், துவர்ப்பு முரடாகும். ஐந்தாவது இலக்கத்தை வாயில் வைத்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "தம்பி, எல்லாச் சிவப்பையும் கொஞ்சம் ஐஸ் வாளியில போடுங்க, நாங்க காத்திருக்கிறோம்" என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல் செய்தார். "கப்பல்ல இப்படித்தான் அண்ணே செய்வோம், இங்க சனம் சிவப்பை ஐஸில வச்சா சண்டைக்கு வருது" என்றார். பதினைந்து நிமிடம் கழித்து அதே போத்தலில் இருந்து அதே கிளாசில் ஊற்றியபோது அது வேறு வைன்.

அது போஜொலே, கமே திராட்சை. முன்பு சூட்டில் சப்பென்று இருந்தது, இப்போது செர்ரியும் புதுச் சாறும் மணக்க, துவர்ப்பு பட்டும் படாமலும் நின்றது. 1395இல் பேர்கண்டிக் கோமகன் துணிந்த பிலிப் என்பவர் கமே திராட்சை மட்டமானது என்று அதைப் பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார். அது தெற்கே போஜொலே மலைகளில் பிழைத்துக்கொண்டது. கோமகனோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொழும்பு வெயிலில் வேலை முடிந்து வந்து குளிரக் குடிக்கச் சிவப்பில் ஒன்று வேண்டுமென்றால் இதுதான்.

ஆறாவது, சிலியின் கார்மெனேர். ருசியைவிட அதன் கதை பெரிது. 1860களில் அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்குள் நுழைந்த பிலொக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று கொடிகளை அழித்தது. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் அதுவரை இருந்த கார்மெனேர் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஆனால் அதற்கு முன்பே அதன் தடிகள் சிலிக்குப் போயிருந்தன, மெர்லோ என்ற வேறொரு திராட்சையோடு கலந்து. அங்கே நூறு வருடத்துக்கு மேல் மெர்லோ என்ற பெயரிலேயே வளர்த்தார்கள். 1994இல் ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுக் கொடியியல் ஆய்வாளர் தோட்டத்தில் நின்று பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு நம் மலைநாடுதான் ஞாபகம் வந்தது. பிலொக்சரா பிரான்சைத் தின்றுகொண்டிருந்த அதே காலத்தில், 1869இல், இங்கே கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி போனது. இரண்டு வருடத்துக்கு முன் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அங்கே ஒரு பூச்சி, இங்கே ஒரு பூஞ்சணம். என் தாத்தாவின் அப்பா கடல் கடந்து வந்ததும், நான் இன்று ருசி பார்த்துச் சம்பளம் வாங்குவதும் அதன் தொடர்ச்சி. சரி, வைன்: கறிமிளகாய் மணம், கொஞ்சம் புகை, நடுத்தரத் துவர்ப்பு. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்போடு நன்றாகப் போகும் என்று குறித்துக்கொண்டேன்.

ஏழும் எட்டும் ஒரே திராட்சை, இரண்டு நாடு. அந்த மாலையின் சிறந்த பகுதி அதுதான். ஏழாவது பிரான்சின் வட ரோன், குரோஸ் எர்மிதாஜ். அங்கே அதற்குப் பெயர் சிரா. எட்டாவது தென் அவுஸ்திரேலியாவின் பரோசா. அங்கே ஷிராஸ். ஒரே செடியின் கொழுந்தை உயரத்தில் உள்ள நுவரெலியாவிலும் பறிக்கலாம், தாழ்வில் உள்ள ருகுணவிலும் பறிக்கலாம். உயரமும் வெப்பமும் அதை இரண்டு தேநீராக்கிவிடும். எங்கள் கணக்கில் 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலம், 1,200க்கு மேல் உயர்நிலம். தாழ்நிலத் தேயிலை நிறத்தில் கறுத்து, ருசியில் தடித்து, கொஞ்சம் இனித்து வரும். பரோசாவும் அப்படித்தான் வந்தது: கிளாசின் சுவரில் ஒட்டி இறங்குகிற கனம், கறுப்புப் பழங்களின் ஜாம், சொக்லட், ஓக் பீப்பாயின் வனிலா, 14.5 வீத அற்ககோலின் சூடு. குரோஸ் எர்மிதாஜ் ஒல்லி. ஊதாப்பூ, கொஞ்சம் பேக்கன் புகை, அதற்குப் பின்னால் சந்தேகமே இல்லாமல் மிளகு. அம்மியில் அப்போதுதான் நசுக்கிய கறுப்பு மிளகு.

நான் மிளகு என்றதும் மனைவி கிளாசை வாங்கி மணந்தாள். "எங்கை மிளகு? எனக்கு ஒண்டும் மணக்கேல்லை." திரும்பவும் சுழற்றி, கண்ணை மூடி மணந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். முதல் வைனில் கொடித்தோடையையும் கறிமிளகாயையும் நொடியில் பிடித்த மூக்கு அது. தம்பிக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. அந்த மணத்தைத் தருவது ரொட்டண்டோன் என்ற சேர்மம். மிளகிலும் அதேதான் இருக்கிறது. சிராவில் அதைக் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டவர்கள் அவுஸ்திரேலிய வைன் ஆய்வு நிறுவனத்தார். சோதித்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தாலும், அது மணக்கவே இல்லை. குளிர்ந்த இடத்துப் பழத்தில் அது கூட, வெயில் அதிகமான பரோசா மாதிரி இடத்தில் குறைவு. ஆக ஒரே கிளாசில் நான் குடித்த வைனும் அவள் குடித்த வைனும் ஒன்றில்லை. வைன் விமர்சனம் படிக்கிற எவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், என் விமர்சனத்தையும் சேர்த்துத்தான். அவளுக்கு பரோசா பிடித்தது, எனக்கு குரோஸ் எர்மிதாஜ்.

கீழே காசு கட்டும்போது ஒரு விஷயம் மனதை நெருடியது. பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கிற பழைய விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற வைத்தார். மேலே எட்டு வைனையும் என்னோடு சமமாக இருந்து எடைபோட்டவள், கீழே தனக்குப் பிடித்த போத்தலை என் கையால் வாங்க வேண்டியிருந்தது. எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

ரீஸ்லிங், போஜொலே, குரோஸ் எர்மிதாஜ், பரோசா என்று நான்கு போத்தல் வாங்கினோம். அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைச் சந்தையில் நண்டு வாங்கி, மனைவி யாழ்ப்பாணத் தூள் போட்டு, கடைசியில் முருங்கையிலை தூவி இறக்கினாள். பக்கத்தில் இன்னொரு சட்டியில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். மைத்துனரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அத்தானுக்குச் சாராயம்தான் பழக்கம், ஆனாலும் உட்கார்ந்து நான்கையும் பொறுமையாகப் பார்த்தார்.

கொள்ளுப்பிட்டியில் வெறும் வாயில் கம்பீரமாக நின்ற பரோசா நண்டுக்கறியிடம் படுதோல்வி அடைந்தது. முதலில் எரிவு: அற்ககோல் கூடிய வைன் மிளகாய் எரிவை அணைக்காது, ஊதிப் பெரிதாக்கிவிடும். அடுத்தது வாடை. நண்டின் இனிமை போய், நாக்கில் இரும்புச் சாவியை வைத்த மாதிரி ஒரு ருசியும் மீன் கவிச்சியும் எழும்பின. சிவப்பு வைனில் கரைந்திருக்கும் இரும்புதான் கடலுணவோடு சேரும்போது அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். பரோசாவை விரும்பி வாங்கிய மனைவியே கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, "இது கறிக்குச் சரிவராது, பிறகு பாப்பம்" என்றாள்.

ரீஸ்லிங்கை ஊற்றினோம். உறைப்பு ஏறி நிற்கும்போது அந்த மெல்லிய இனிப்பு வந்து எரிவைத் தடவிக் கொடுத்தது. புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பைக் கழுவியது. அடுத்த நண்டுக் காலைக் கையில் எடுக்க வாய் தயாராக இருந்தது. தேசிக்காய் பிழிந்துவிட்ட கறியோடு தேசிக்காய் மணக்கிற வைன், அவ்வளவு இயல்பான சேர்க்கை. அற்ககோல் 8.5 வீதம் என்பதால் மத்தியான வெயிலில் தலையும் கனக்கவில்லை. அத்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார், "இது நல்லாக் கிடக்குது, இளநி மாதிரி இறங்குது" என்று. இனிப்பு வைனைப் பழித்த அந்தக் கொள்ளுப்பிட்டி மனிதரை இந்த மேசையில் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிரட்டலோடு குரோஸ் எர்மிதாஜ் நன்றாகவே நின்றது. மிளகோடு மிளகு சேர்ந்தது, எனக்கு மட்டும். போஜொலே இரண்டு சட்டிக்கும் பொதுவாக ஓடியது. நண்டோடு ரீஸ்லிங் அளவுக்கு இல்லை, ஆனால் பரோசா செய்த எந்தக் குழப்பத்தையும் அது செய்யவில்லை. துவர்ப்பு குறைவு, குளிரக் குடித்தோம், அதனால் இருக்கலாம். பரோசாவின் மிச்சத்தை இரவு, சாப்பாடெல்லாம் முடிந்து, ஒரு துண்டு கறுப்புச் சொக்லட்டோடு குடித்தோம். அப்போது அது தன் இடத்துக்கு வந்தது, அருமையாக இருந்தது. அதற்கு நேரம் அதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கொழும்பில் வைனுக்கு முதல் எதிரி சூடு. ஒரு சுப்பர்மார்க்கெட்டில் ஜன்னலோர வெயிலில் நிறுத்தி வைத்திருந்த போத்தலை வாங்கி வந்து திறந்தபோது தக்கை வெளியே தள்ளி, கழுத்தெல்லாம் பிசுபிசுத்து, உள்ளே அவித்த முந்திரிகை வற்றல் மணம்தான் இருந்தது. இரவில் ஏசியை நிறுத்திவிடுகிற கடையில் விலை கூடிய போத்தல் வாங்க வேண்டாம். தக்கை போத்தல் வாய்க்கு மேலே தள்ளி நிற்கிறதா என்று ஃபொயிலைத் தடவிப் பாருங்கள். திருகு மூடி மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் நல்ல ரீஸ்லிங் செய்கிறவர்கள் 2000ஆம் ஆண்டு சேர்ந்தே திருகு மூடிக்கு மாறினார்கள். தக்கையால் வருகிற ஈர மட்டை நாற்றம் அதில் கிடையாது. சிவப்பு எதுவானாலும் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை ஐஸ் மாதிரி உறைய வைக்காமல் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். மதுக்கடைகள் மூடுகிற முழுநிலவு நாளான போயாவுக்கு முதல் நாள் கடைகளில் சனம் அள்ளும், அன்று போய் நிதானமாகத் தெரிவு செய்ய முடியாது.

அந்த மாடிக்கு மறுபடியும் போவேன். எட்டு வைனையும் மறைத்து ஊற்றுகிற துணிவும், சொன்னால் கேட்கிற குணமும் உள்ள இடம் கொழும்பில் எனக்கு வேறு தெரியாது. மெழுகுதிரியை எடுத்துவிட்டு, சிவப்பை முதலிலேயே குளிர வைத்து, சீஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு மீன் கட்லட்டும் வைத்தால் 12,000 ரூபாய்க்கு மேலேயும் கொடுப்பேன். தம்பியிடம் இதை நேரிலேயே சொன்னேன். அடுத்த தடவை ரீஸ்லிங் மட்டும் வைக்கிற யோசனை இருக்கிறதாம்: மோசல், அல்சாஸ், கிளேர் என்று மூன்று இடத்தில் இருந்து, கறியோடு. கறியை யார் சமைப்பது என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.